வேதாந்தத்தின் நான்காவது மூளை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஞானத்தில் பிறக்கவில்லை, காலியிடத்தில் பிறந்தது. டெல்லித் தமிழ்ச் சபை ஒன்றின் ஆண்டு மலரில், பட்டுப்புடவைக் கடை விளம்பரத்துக்கும் கல்யாணச் சமையல்காரர் விளம்பரத்துக்கும் நடுவே இரண்டு பக்கம் மிச்சமாகிவிட்டது. மலரின் பொறுப்பாளர் மது எனக்குப் போன் செய்தாள்.

“அங்கிள், ஏதாவது சயின்ஸா குடுங்களேன். பிரெயின் எப்படி எவால்வ் ஆச்சு, அதனால மனுஷங்க ஏன் இப்படி இருக்கோம், சொசைட்டி ஏன் இப்படி இருக்கு, அந்த மாதிரி. பட் லைட்டா இருக்கணும். கொஞ்சம் ஜல்தி.”

மது டெல்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. தமிழ் படிக்கத் தெரியாதவர் தமிழ் மலரைப் பார்த்துக்கொள்வதில் எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எழுதியது திரும்பி வராது. ஒப்புக்கொண்டேன்.

முதல் தொடக்கம் இது: “பல லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்கப் புல்வெளியில், ஒரு குரங்கு இரண்டு காலில் எழுந்து நின்றது. அது ஏன் எழுந்து நின்றது என்றால்” — இங்கே நிறுத்திவிட்டேன். ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குள்ளேயே இன்னும் அடிதடி ஓயவில்லை.

இரண்டாவது: “மனித மூளையின் எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உடம்பில் அது ஒரு சின்னப் பங்குதான். ஆனால் நாம் சாப்பிடும் சாப்பாட்டின் சத்தில் ஐந்தில் ஒன்றை அதுவே தின்றுவிடுகிறது. ஆடாமல் அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு சாப்பிடும்” — எழுதும்போதே எனக்குச் சில உறவினர் முகங்கள் ஞாபகம் வந்தன. கட்டுரை கைநழுவுகிறது என்று புரிந்தது.

மூன்றாவது தொடக்கத்தில் வேதாந்தம் வந்து உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு கட்டுரை எழுந்திருக்கவே இல்லை.

2

வேதாந்தம் மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். எந்த அமைச்சகம் என்பது கதைக்கு வேண்டாம். அவர் அங்கே என்ன செய்தார் என்பது அமைச்சகத்துக்கே சரியாகத் தெரியாது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பாதி ஆயுள். பிறகு மயூர் விஹாரில் கூட்டுறவுச் சங்கத்து ஃபிளாட், மூன்றாவது மாடி. மனைவி வைதேஹி. பிள்ளை வெளிநாட்டில். பிள்ளையைக் கதைக்குள் கொண்டுவர மாட்டேன், டிக்கெட் செலவு அதிகம்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், பேரன் விட்டுச்சென்ற ஒரு விஞ்ஞானப் புத்தகம் வேதாந்தத்தின் கையில் அகப்பட்டது. அன்றிலிருந்து அவருக்கு உலகம் தெளிவாகிவிட்டது. மூளை மூன்று அடுக்கு. அடியில் பல்லி மூளை: பயம், பசி, என் இடம் உன் இடம். அதற்கு மேல் பாலூட்டி மூளை: பாசம், கோபம், குட்டியை நக்குவது. எல்லாவற்றுக்கும் மேலே மனித மூளை: கணக்கு, பேச்சு, கவர்மெண்ட்.

(இடையில் ஒரு வார்த்தை. மூளையை இப்படி மாடிவீடு மாதிரி அடுக்கிச் சொல்வதை இன்றைய விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வதில்லை. எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்துதான் வளர்ந்தது என்கிறார்கள். வேதாந்தத்திடம் இதை யாரும் சொல்லவில்லை. சொன்னாலும், கூட்டுறவுச் சங்கத்தில் ஃபிளாட் வாங்கினவருக்குத் தளம் தளமாகச் சொன்னால்தான் புரியும்.)

பார்க்கிங்கில் யாராவது கத்தினால், “பல்லி” என்பார். வைதேஹி பிள்ளையின் போனுக்குக் காத்திருந்தால், “பாலூட்டி” என்பார். “காபி ஆறிடுத்து, குடிச்சுட்டு விளக்குங்கோ” என்பாள் வைதேஹி.

ஆனால் வேதாந்தத்தின் தலைக்குள் நான்காவதாக ஒன்று இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. கண்டுபிடித்தவன் நான்தான். முப்பத்தைந்து வருஷம் ஃபைலில் குறிப்பு எழுதி எழுதி, மனித மூளைக்கு மேலே வளர்ந்த ஒரு மெல்லிய தோல் அது. அதன் வேலை ஒன்றே ஒன்று. எந்த வாக்கியத்திலும் ‘நான்’ வராமல் பார்த்துக்கொள்வது. ‘நான் பார்த்தேன்’ என்பது ‘பார்வைக்கு வந்தது’ ஆகும். ‘இது தப்பு’ என்பது ‘மறுபரிசீலனைக்கு உரியது’ ஆகும். பாம்பும் நோகக் கூடாது, பாம்படிக்கும் கோலும் நோகக் கூடாது. நாளைக்கு யார் கேட்டாலும், ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்று ஒதுங்க ஒரு வழி இருக்க வேண்டும்.

பரிணாமம் என்பது பிழைத்ததை வைத்துக்கொள்வது. அமைச்சகத்தில் பிழைத்தது இதுதான்.

3

அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் தமிழ் வட்டத்தில் வேதாந்தம் ஒரு சொற்பொழிவு ஆற்றுவதாக ஏற்பாடு. தலைப்பு: ‘மூளையின் பரிணாமமும் மனித சமூகமும்’. ஏற்பாடு செய்தவர் சங்கத் தலைவர் ஜகந்நாதன். அவர் டெபுடி செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர், அதாவது வேதாந்தத்துக்கு ஒரு படி மேலே. ஓய்வு பெற்றால் படி போய்விடும் என்று நினைக்கிறவர்கள் டெல்லியில் இருந்ததில்லை. எங்கள் விசேஷங்களில் இன்றும் முன்வரிசை நாற்காலி படிப்படியாகத்தான் நிரம்பும். துக்க வீட்டில்கூட யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

சொற்பொழிவுக்கு ஆதாரம் வேண்டுமென்று வேதாந்தம் குரங்குகளைக் கவனிக்கத் தொடங்கினார். டெல்லியில் அனுமாருக்கு உரிய செவ்வாய்க்கிழமைகளில், காலையில் வைதேஹி குளிக்கப் போனதும் பால்கனிக் கம்பி வழியாக வாழைப்பழம் நீட்டுவார். முதலில் பெரிய கடுவன் வரும். அதற்கு ‘செக்ரட்டரி’ என்று பெயர் வைத்தார். அது எடுத்த பிறகுதான் மற்றவை. ஒரு கிழட்டுக் குரங்கு எப்போதும் ஓரமாக நின்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கும். அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. நான் வைத்திருப்பேன்.

இதில் ஒரு சிக்கல். குரங்குக்குத் தீனி போடக் கூடாது, போடுகிறவர் பெயர் நோட்டீஸ் போர்டில் ஏறும் என்று சங்கத்தில் சுற்றறிக்கை இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவரே வேதாந்தம்தான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

வரலட்சுமி நோன்பு முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை. எதிர் பிளாக்கில் ஜகந்நாதன் வீடு. அவர் மனைவி மஹாலட்சுமி, நோன்புக் கலசத்துக்கு வைத்த வெள்ளிச் சொம்பை விபூதி போட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தாள். வேலைக்காரி பொன்னி தேய்த்துப் பால்கனிச் சுவரில் வெயிலுக்குக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். இந்தப் பக்கம் வேதாந்தம் பழத்தோடு நின்றார். செக்ரட்டரி ஒரு பழத்தைத் தின்றது, போதவில்லை, எதிர்ச்சுவருக்குத் தாவியது, சொம்பைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தது. பிறகு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் இறங்கி மறைந்தது.

வேதாந்தம் இதைப் பார்த்தார். திரும்பவும் சொல்கிறேன், அப்புறம் இவர் மழுப்புவார் என்பதால். அவர் பார்த்தார்.

3 — மறுபடியும்

பொன்னியைப் பற்றி எனக்குச் சந்தேகம். அவள் எடுத்தாளா என்று அல்ல. எடுக்கவில்லை, இப்போதுதானே பார்த்தோம். அவளை எப்படி எழுதுவது என்பதில் சந்தேகம்.

இந்த மாதிரிக் கதைகளில் வேலைக்காரி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். படித்தவர்கள் எல்லாரும் தலைகுனிவார்கள். அப்படி ஒரு வாக்கியம் எழுதியும் வைத்தேன்: “மனுசனுக்கு மூளை வளந்துச்சு சார், மனசு” — சீ. அடித்துவிட்டேன்.

பொன்னி அப்படிப்பட்டவள் இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. திரிலோக்புரியில் ஓர் அறையில் குடும்பம். வேதாந்தம் வீட்டு மிக்ஸி ஜாரை உடைத்துவிட்டு, கரண்ட் ஏறி இறங்கியதால் வெடித்தது என்று சாதித்தவள். அவளுக்குத் திங்கட்கிழமைகளில் காய்ச்சல் வரும். மஹாலட்சுமியை அவளுக்கு அறவே பிடிக்காது, அதை முகத்திலேயே காட்டுவாள். நல்லவள் என்பதால் அவளுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. சொம்பை எடுத்தது குரங்கு. அது போதும்.

ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவள் வேலை செய்யும் ஆறு வீடும் இந்த ஒரே கேட்டுக்குள் இருக்கின்றன. கேட்டில் காவலாளியின் போனில் ஓர் ஆப் உண்டு. அவள் பெயருக்கு நேரே பச்சை இருந்தால் உள்ளே, சிவப்பு வந்தால் வெளியே. பக்கத்துச் சங்கங்களும் அதே ஆப்பைத்தான் வைத்திருக்கின்றன. ஓரிடத்தில் சிவந்தால் எல்லா இடத்திலும் சிவக்கும். அவளுக்குப் போவதற்கு வேறு கேட் கிடையாது.

4

சொம்பைக் காணோம் என்று மஹாலட்சுமி சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டதும், குழு விழித்துக்கொண்டது. காலைவணக்கப் பூக்களையும் முட்டிவலி மருந்தையும் தவிர வேறெதுவும் ஓடாத குழு அது. இப்போது எல்லாருக்கும் ஏதாவது காணாமல் போன ஞாபகம் வந்தது. ஒருவருக்குப் போன தீபாவளி ஸ்பூன். ஒருவருக்குத் துணி கிளிப். கோவிட் சமயத்தில் தொலைந்த குடையைக்கூட ஒருவர் நினைத்துக்கொண்டார், அப்போது பொன்னி இங்கே வேலைக்கு வரவே இல்லை.

(இதையும் மூளைதான் செய்கிறது என்று வேதாந்தம் சொற்பொழிவுக்குக் குறிப்பு எடுத்திருந்தார். குரங்குகள் பேன் பார்த்து உறவு வளர்க்கும். கூட்டம் பெருத்த பிறகு எல்லார் தலையிலும் பேன் பார்க்க நேரமில்லாததால் மனிதன் வம்பு பேசக் கற்றுக்கொண்டான் என்று ஒரு கட்சி உண்டு. ‘இந்தக் குறிப்பு நன்றாக வந்திருக்கிறது’ என்று அவரே ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். அப்போது அவர் போன் கிர்ர் கிர்ர் என்று மேஜையில் நகர்ந்துகொண்டிருந்தது.)

அன்று மத்தியானம் பொன்னி பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஹாலுக்கு வந்து நின்றாள்.

“ஐயா, அந்தம்மா என்னையத்தான் சொல்லுது. நான் எடுக்கலீங்க. எடுக்கறதா இருந்தா அந்த ஒத்தைச் சொம்பையா எடுப்பேன்? அது ஊட்டுல என்ன என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?”

இது தற்காப்புக்கு ஏற்ற பேச்சு இல்லை. வைதேஹி பயந்துபோய், “நீ இதை அங்க போய்ச் சொல்லி வைக்காதடீம்மா” என்றாள்.

“நீங்க பெரிய ஆபீசர் இல்லீங்களா. நீங்க ஒரு வார்த்தை அந்த குரூப்புல எழுதுனா கேப்பாங்க.”

வேதாந்தத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிஜமாகவே எழுத வேண்டுமென்று நினைத்தார். இந்த இடத்தில் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. “நான் எழுதறேன்மா. நீ கவலப்படாம போ” என்றார். அவர் ‘நான்’ என்று சொன்னதை வைதேஹி கவனித்தாள். வாய்ப்பேச்சில் வரும். கை போனைத் தொட்டதும் நான்காவது மூளை விழித்துக்கொண்டது.

முதல் வரைவு: “சொம்பை எடுத்தது குரங்கு.” எப்படித் தெரியும் என்பார்கள். அழித்தார்.

இரண்டாவது: “சொம்பு குரங்கால் எடுத்துச் செல்லப்பட்டிருக்க வாய்ப்புண்டு.” குரங்கு ஏன் வந்தது என்பார்கள். நோட்டீஸ் போர்டில் தன் பெயர் ஏறியிருப்பது தெரிந்தது, தன் சொந்தச் சுற்றறிக்கைக்குக் கீழேயே. ஜகந்நாதன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அதைப் படிப்பதும் தெரிந்தது. அழித்தார்.

மூன்றாவது வரைவைத்தான் அனுப்பினார். ஆங்கிலத்தில் இருந்ததை, அதன் அழகு கெடாமல் தமிழில் தருகிறேன்: “பொருள் பொதுநலன் சார்ந்தது. உண்மை நிலை உரிய முறையில் கண்டறியப்படலாம். இதற்கிடையே, விதிகளுக்கு உட்பட்டு, நிர்வாகக் குழு உகந்ததெனக் கருதும் நடவடிக்கை எதற்கும் ஆட்சேபம் எழ வாய்ப்பில்லை.”

நடு வாக்கியம்தான் அவருடைய வீரம். உண்மையைக் கண்டறியச் சொல்லிவிட்டார் அல்லவா? மற்ற இரண்டும் அந்த வீரத்துக்குப் போட்ட மெத்தை. ஆனால் குழுவில் யாரும் நடு வாக்கியத்தைப் படிக்கவில்லை. கட்டைவிரல்கள் மளமளவென்று மேலே எழுந்தன. ஜகந்நாதன் உடனே பதில் போட்டார்: “நன்றாகச் சொன்னீர்கள், வேதாந்தம்ஜி. தாங்கள் முன்மொழிந்தபடியே பொன்னியின் பாஸ் இன்று முதல் நிறுத்தி வைக்கப்படுகிறது. ஞாயிறு பொதுக்குழுவில் நிரந்தர முடிவு.”

வேதாந்தம் பதறித்தான் போனார். ஆனால் அத்தனை கட்டைவிரல்! ஜகந்நாதன் அவரை ‘ஜி’ போட்டு அழைத்தது அதுவே முதல் தடவை. பதற்றத்துக்கு அடியில் எங்கோ ஒரு பாலூட்டி சுகமாகக் காதைச் சொறிந்துகொண்டது.

5

கட்டுரையாக இருந்திருந்தால் இந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய பகுதி:

கூட்டத்திலிருந்து விலக்கப்படும் பயம் மனிதனுக்கு மிகப் பழைய பயம். காட்டில் தனியாக விடப்பட்டவன் பிழைப்பது அரிது. அதனால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்தவர்களே அதிகம் பிழைத்தார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் நாம். பயப்படாமல் உண்மையைச் சொன்ன அந்த ஒருவனைச் சிறுத்தை

(இதற்கு மேல் எழுத வரவில்லை. இந்தப் பத்தி வேதாந்தத்துக்கு வக்காலத்து வாங்குகிறது. பரிணாமத்தைப் படித்தவர்கள் பலருக்கு இது கைவந்த கலை. எந்தப் பாவத்துக்கும் லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். சிறுத்தை போய் எத்தனை காலமாகிறது! மயூர் விஹாரில் உண்மை சொன்னால் நோட்டீஸ் போர்டில் பெயர் ஏறும், நாலு நாள் லிஃப்ட்டில் பேச மாட்டார்கள். உயிர் போகாது. தனியாக விடப்பட்டுத் தவிப்பது அந்தக் கேட்டுக்கு வெளியே நிற்கிறவள்.)

6

புதன்கிழமை காலை பொன்னி போன் செய்தாள்.

“ஐயா, கேட்டுல வாட்ச்மேன் பையா உள்ள உட மாட்டேங்கறான். செவப்பா காட்டுதாம். நீங்க எழுதறேன்னீங்களே?”

“எழுதினேன்மா. எழுதியாச்சு.”

“அப்ப ஞாயித்துக்கெழமை சரியாயிடுமுங்களா?”

“விஷயம் பொதுக்குழுவின் பரிசீலனையில இருக்கு.”

“சரிங்கய்யா, நீங்க இருக்கீங்க” என்று வைத்துவிட்டாள். குழுவில் இங்கிலீஷில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. வைதேஹிக்குத் தெரியும். வைதேஹி டெல்லி மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் படித்தவள், பத்து வயதிலிருந்து கவர்மெண்ட் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவள்.

“ஏன்னா, பழம் வாங்கிண்டு வந்தா செவ்வாய்க்கெழமை ஒரு சீப்பு காணாமப் போறது. நேக்குத் தெரியாதுன்னு நெனச்சேளா? நீங்க பாத்தேள்.”

“பாத்தேன்னு எங்க சொன்னேன்? பார்வைக்கு வந்ததுன்னு வேணா—”

“யாரோட பார்வைக்கு?”

வேதாந்தம் சொற்பொழிவுக் காகிதங்களை அடுக்கினார்.

“ஆறு ஆத்து வேலை போச்சு அவளுக்கு. உங்களுக்கு என்ன போயிடும்? ஜகந்நாதன் முன்னாடி நின்னா இன்னிக்கும் சட்டைப் பட்டன் சரியா இருக்கான்னு தடவிப் பாத்துக்கறேள். அவர் ரிட்டையராகியே எத்தனை வருஷமாறது!”

“அது ஹயரார்க்கி, வைதேஹி. நம்ம மூளையிலயே ஊறினது. குரங்குகள்லயே—”

“அந்தக் குரங்கு திருடினா திருடிண்டு போறது. பக்கத்துக் குரங்கு மேல பழி போடலையே.” அவள் அடுப்பை அணைத்தாள். “மெம்பர்ஷிப் உங்க பேர்ல இருக்கு, எனக்கு ஓட்டு கெடையாது. ஞாயித்துக்கெழமை நீங்க எழுந்து சொல்றேளா, இல்லாட்டா ஓட்டு இல்லாத நான் எழுந்து சொல்லட்டுமா?”

(வைதேஹி இவ்வளவு பேசுவாள் என்று நான் நினைக்கவில்லை. முதல் வரைவில் அவளுக்குக் காபி ஆற்றுவது மட்டும்தான் வேலை. கேட்காமலே வளர்ந்துவிட்டாள்.)

“நானே சொல்றேன்” என்றார் வேதாந்தம்.

7

ஞாயிறு மாலை, சங்கத்தின் சமூகக் கூடம். நிகழ்ச்சி நிரல் வாசலில் ஒட்டியிருந்தது. ஒன்று, பணியாளர் பொன்னியின் நுழைவுரிமை ரத்து. இரண்டு, திரு. வேதாந்தம் அவர்களின் சொற்பொழிவு. மூன்று, கேசரி, பஜ்ஜி, காபி.

மூன்றாவது விஷயத்துக்கு வெங்காயம் நறுக்க ஆள் கிடைக்கவில்லை. சமையல்காரர் தனியாக வந்திருந்தார். ஆகவே அன்று ஒரு மாலைக்கு மட்டும் பொன்னியின் பெயரைப் பச்சையாக்கி உள்ளே விடும்படி ஜகந்நாதன் உத்தரவிட்டார். இதை நான் கிண்டலுக்காகக் கட்டிவிட்டேன் என்று நினைப்பீர்கள். எங்கள் சங்கங்களில் ஒரு வருஷம் குடியிருந்து பாருங்கள், தெரியும். அவளும் வந்தாள். ஐயா சொல்லப்போகிறார், முடிவு தெரிந்ததும் நாளைக் காலையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று வந்தாள். கூடத்துக்கும் சமையல் அறைக்கும் நடுவே தட்டுகளை நீட்ட ஒரு சன்னல் உண்டு. அதற்குப் பின்னால் அவள் தலை தெரிந்தது.

முன்வரிசையில் டர்க்கி டவல் போர்த்திய நாற்காலிகள் முறைப்படி நிரம்பின. வேதாந்தத்துக்கு இன்று பேச்சாளர் என்பதால் ஜகந்நாதன் பக்கத்திலேயே இடம். வாழ்க்கையில் முதல்முறை. உட்காரும்போது சட்டைப் பட்டனைத் தடவிக்கொண்டார். புரொஜெக்டரைச் சோதித்துப் பார்த்தவர்கள் அணைக்க மறந்துவிட்டார்கள். ஜகந்நாதன் எழுந்து மைக் முன்னால் போனார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் வேதாந்தம் தயாரித்த படம் பெரிதாக நின்றது: ‘கூட்டத்தால் விலக்கப்பட்ட குரங்கு நெடுநாள் பிழைப்பதில்லை.’

ஜகந்நாதன் மைக்கைத் தட்டினார். “முதல் ஐட்டம். வேதாந்தம்ஜி முன்மொழிஞ்சது. டிஸ்கஷன் தேவையில்லன்னு நெனக்கறேன். ஆதரிக்கறவா கையைத் தூக்கலாம்.”

கைகள் எழுந்தன. கடைசி வரிசையில் இருந்தவர்கள் முன்வரிசையைப் பார்த்துத் தூக்கினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் ஜகந்நாதனைப் பார்த்துத் தூக்கினார்கள். ஜகந்நாதன் மஹாலட்சுமியைப் பார்த்தார்.

“ஆப்போஸ் பண்றவா யாராவது?”

8

இங்கே மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. வேதாந்தம் எழுந்து நின்று, “நான் பார்த்தேன்” என்கிறார். கூடம் ஸ்தம்பிக்கிறது. பொன்னியின் கண்களில்... கண்களில் ஏதோ ஒன்று. நன்றாகத்தான் வந்தது. ஆனால் நான்காவது மூளையை இத்தனை பக்கம் வளர்த்துவிட்டு ஒரே வாக்கியத்தில் அறுத்துப்போட எனக்கு அதிகாரமில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டு. சன்னல் வழியே செக்ரட்டரி கக்கத்தில் சொம்போடு வந்து, காலியாக இருக்கும் தலைவர் நாற்காலியில் உட்கார்கிறது. நீங்கள் மூன்றாம் பகுதியிலிருந்தே இதற்காகக் காத்திருப்பது எனக்குத் தெரியும். அடித்துவிட்டேன். குரங்கே வந்து சாட்சி சொல்லிவிட்டால் மனிதர்களுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

மூன்று. ஆறு மாதம் கழித்து டிரான்ஸ்ஃபார்மர் பழுது பார்க்க வந்தவர்கள் சொம்பைக் கண்டெடுக்கிறார்கள், நசுங்கிப்போய். “நான் அப்பவே நெனச்சேன், அவ எடுத்திருக்க மாட்டா” என்று குழுவில் எல்லாரும் எழுதுகிறார்கள், கட்டைவிரல்கள் எழுகின்றன. பொன்னி எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இதுதான் நடக்கக்கூடியது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனாலேயே இதையும் அடித்தேன். நடக்கக்கூடியதை எழுதிவைத்தால், நடக்கட்டும் என்று விட்டதாகிவிடும்.

மதுவுக்குப் போன் செய்து, முடிவு வரவில்லை என்றேன். “நோ பிராப்ளம் அங்கிள்,” என்றாள், “இடம் இருந்தா கேட்டரிங் விளம்பரத்தைக் கொஞ்சம் பெருசாப் போட்டுடறேன்.”

9

ஆகவே எங்கே விட்டேனோ அங்கே நிற்கிறேன்.

வேதாந்தத்தின் வலது கை மடியிலிருந்து கிளம்பிவிட்டது. இது நிஜம், நான் அடிக்கப்போவதில்லை. நாலு காலில் நடந்த ஒன்று எழுந்து நின்றதால் கிடைத்த கை. கல்லை எடுத்த கை, விளக்கேற்றிய கை, ஃபைலில் குறிப்பு எழுதிய கை. அது மெல்ல மேலே ஏறி, காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இன்னும் ஒரு சாண் ஏறினால் எதிர்ப்பு. அங்கேயே நின்றால் தலை சொறிவது. எப்படி வேண்டுமானாலும் அர்த்தம் செய்துகொள்ளலாம் என்ற உயரத்தைக் கை தானாகவே கண்டுபிடித்துவிட்டது. ஐயா கை தூக்குகிறார் என்று சன்னலுக்குப் பின்னால் பொன்னி கத்தியைக் கீழே வைக்கிறாள். பெண்கள் வரிசையில் வைதேஹி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலிக் கைப்பிடியைப் பற்றுகிறாள். அவளுக்கு ஓட்டு கிடையாது. எழுந்தால் உட்காரச் சொல்வார்கள்.

என்னைக் கேட்காதீர்கள். நான் எழுதுகிறவன், எனக்கும் இந்தச் சங்கத்தில் ஓட்டு இல்லை. ஆனால் நீங்கள் முதல் பக்கத்திலிருந்தே இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். குரங்கு சொம்பைத் தூக்கியதை வேதாந்தத்தோடு சேர்ந்து பார்த்தவர்கள் நீங்கள். அவருக்கு நோட்டீஸ் போர்டு பயம் இருக்கிறது. உங்கள் பெயரை எழுத அதில் இடமே இல்லை.

ஜகந்நாதன் வேதாந்தத்தின் கையைப் பார்க்கிறார். தலை சொறிகிறார் என்று முடிவு செய்துகொள்கிறார்.

“ஆப்போஸ் பண்றவா யாராவது இருக்கேளா?” என்று மறுபடி கேட்கிறார். இந்தத் தடவை அவர் பார்ப்பது உங்கள் வரிசையை. சன்னலிலிருந்து பொன்னியும் அங்கேதான் பார்க்கிறாள்.